உபசாரப் பத்திரத்தில் இல்லாத வாக்கியம்

சிங்கப்பூரை விட்டு ஒரு வெள்ளைக்காரத் துரை கப்பலேறப் போகிறார் என்று தெரிந்தால், அந்தக் காலத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்த தமிழர்கள் இரண்டு காரியம் செய்வார்கள். முதலில் பந்தலுக்குச் சொல்லுவார்கள். அடுத்து விஸ்வலிங்கத்தைத் தேடிப் போவார்கள்.

துரையின் அருமை பெருமைகளை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதி, ஓரத்தில் கொடியும் பூவும் பொன் மையால் வரைந்து, சபை நடுவே வாசித்து, வெள்ளிப் பேழையில் வைத்துக் கொடுக்கிற காகிதத்துக்கு உபசாரப் பத்திரம் என்று பெயர். துரைக்கு அருமையும் பெருமையும் இருந்ததா என்பது வேறு விஷயம். அதை யாரும் கேட்பதில்லை. அப்படி ஒரு பத்திரத்தை எழுதிக் கொடுக்கப் பத்துப் பேர் இருந்தார்கள். வாசிக்க விஸ்வலிங்கம் ஒருவர்தான்.

யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்து, இருபத்திரண்டு வயதில் கப்பலேறி வந்தவர். 1909ஆம் ஆண்டில் அவருக்கு நாற்பத்தாறு வயது. சாலை போடும் வேலைகளைப் பார்க்கும் ஓர் அரசாங்க அலுவலகத்தில், அந்நாள் பேச்சில் கந்தோரில், தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர். ஆள் குள்ளம், கழுத்துப் பட்டியில் எப்போதும் ஒரு மைத்துளி இருக்கும். ஆனால் மேடையேறி வாயைத் திறந்தால் வெள்ளைக்காரர்களே நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தக் குரலுக்காகவே அவரைக் கடவுள் படைத்தார் என்று சிலர் சொன்னார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

குரல் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரியும். வாசிக்கப் போகும் தாளில் சிவப்பு மையால் கோடு போடுவார். ஒரு கோடு என்றால் மூச்செடுக்க. இரண்டு கோடு என்றால் சபையைப் பார்த்து நிற்க. மூன்று கோடு என்றால் கைதட்டலுக்கு. தட்டாவிட்டால் தட்டும்வரை அசையக்கூடாது. பதினைந்து ஆண்டுகளாக அவர் வாசிப்பைக் கேட்டுக் கேட்டுச் சபையும் பழகிவிட்டது; அவர் நிறுத்தினால் தட்டும்.

ஒத்திகைக்கு அவருக்கு இரண்டு இடங்கள். ஒன்று, கந்தோரில் பழைய தஸ்தாவேஜுகள் அடுக்கிய அறை. மற்றது, டோபி காட் பக்கத்தில் அவர் குடியிருந்த வாடகை வீட்டின் குசினி. அங்கே அவருடைய மனைவி இராசமலர் அம்மியில் அரைத்துக்கொண்டிருப்பார். இராசமலருக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. அதனால்தான் அவரை விஸ்வலிங்கம் நம்பினார். எந்த இடத்தில் இராசமலரின் கை தன்னையறியாமல் நிற்கிறதோ, அந்த இடம் தேறியது என்று அர்த்தம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பத்திரத்தின் நகல் ஒரு வாரம் முன்னதாகவே துரையிடம் போய்விடும். துரை படித்துப் பார்த்து, விட்டுப்போன புகழ்ச்சி ஏதாவது இருந்தால் சேர்க்கச் சொல்லுவார். பிறகு அதற்குத் தம்முடைய பதிலை எழுதுவார். அந்தப் பதிலைத் தட்டச்சில் அடிப்பதும் விஸ்வலிங்கம்தான். இன்னொரு நகல் பத்திரிகைக்காரருக்குப் போகும். விழா நடப்பதற்கு முன்பே விழாவைப் பற்றிய செய்தி அச்சுக்கோத்து முடிந்திருக்கும்.

"கேள்வியும் நான், மறுமொழியும் நான்" என்று அவர் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஆண்டு விட்டேக்கர் துரை தாய்நாடு திரும்புவதாக உத்தரவு வந்தது. கந்தோரின் பெரிய துரை அவர். வழக்கம்போலப் பந்தலுக்குச் சொன்னார்கள், விஸ்வலிங்கத்திடம் வந்தார்கள். அவரும் சரி என்றார். ஆனால் அந்த முறை அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காரணம் முகைதீன்.

முகைதீன் அந்தக் கந்தோரில் நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடிக்கிற ஆள். பத்தொன்பது வருஷம் துரைமார் பின்னால் வெயிலிலும் சேற்றிலும் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்தவர். நாகூர்ப் பக்கத்து மனிதர். ஐந்து வேளைத் தொழுகையை விட்டதில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு, புக்கிட் மேராவில் வெட்டியிருந்த செம்மண் மேட்டுக்கு அடியில் போய்ச் சங்கிலியைப் பிடிக்கச் சொன்னார் விட்டேக்கர் துரை. மண் ஊறியிருக்கிறது துரையே என்று முகைதீன் சொல்லியிருக்கிறார். போ என்றார் துரை. போனார். மேடு அப்படியே அவர்மேல் இறங்கியது.

அன்று கந்தோருக்குத் திரும்பிய துரை பென்சிலால் ஓர் அறிக்கை எழுதி விஸ்வலிங்கத்திடம் கொடுத்தார். அதில் மழை, மண், மரணம், அவ்வளவுதான் இருந்தது. பகல் சாப்பாட்டுக்குப் போய்வந்த பிறகு அதைத் திரும்ப வாங்கி ஒரு வரி சேர்த்தார். ஆள் குடித்திருந்தான், எச்சரித்தும் கேளாமல் போனான் என்று. விஸ்வலிங்கம் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"என்ன?" என்றார் துரை.

"ஒன்றுமில்லை, ஐயா" என்றார் விஸ்வலிங்கம். தம்முடைய முத்துப் போன்ற கையெழுத்தில் அதைப் பிரதி எடுத்து அனுப்பினார். அந்த இரண்டு வார்த்தைகளுக்காக அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவராலும் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

விசாரணையில் அந்த அறிக்கையைப் படித்துத் தமிழிலும் சொன்னார்கள். பள்ளிவாசல்காரர்கள் நாலு பேர் கேட்டார்கள். டன்லப் தெருப் பக்கம் முழுவதும் அது பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. சிராங்கூன் சாலையில் ஜவுளிக்கடை வைத்திருந்த, எல்லாரும் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற அப்துல் முத்தலிப், தம் மூத்த மகன் ஹனீபாவுக்கு முகைதீனின் மகள் அஸ்மத்தைப் பேசி வைத்திருந்தார். அவர் அந்தப் பேச்சை நிறுத்தினார். வெட்டிவிடவில்லை. நல்ல மனிதர், நிறுத்திவைத்தார்.

துரை கிளம்பும் செய்தி தெரிந்து, முகைதீனின் மனைவி ருக்கையா ஒரு காலையில் விஸ்வலிங்கத்தின் வீட்டுக்கு வந்தார். வெள்ளைத் துப்பட்டியால் முகம் பாதி மூடி, வாசல் நிலையை ஒட்டி நின்றார்.

"வாங்கோ, உள்ளுக்கு வந்து இருங்கோ" என்றார் இராசமலர்.

"இருக்கட்டும்மா. கிராணி ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன்." ருக்கையா அவர் பக்கம் திரும்பினார். "காசு பணம் கேட்டு வரல ஐயா. நானும் மவளும் தச்சுப் பொழச்சுக்குவோம். அவுக குடிச்சாகன்னு எழுதிட்டாகளே, அத மட்டும் இல்லன்னு சொல்லச் சொல்லுங்க. கள்ளுக்கடை இருக்குற தெரு வழியா நடக்கவே மாட்டாக. ஒங்களுக்குத் தெரியாதா? ஒங்களப் பத்தி வூட்டுல அவ்வளவு பெருமையாச் சொல்லுவாக."

விஸ்வலிங்கம் கழுத்துப் பட்டியிலிருந்த மைத்துளியைத் தேய்த்தார்.

"அந்தக் காயிதத்த எழுதுனது யாரு ஐயா? அவுககிட்டயே போய்க் கேக்குறேன்."

"அது... கந்தோரில எழுதினது" என்றார் அவர். இராசமலர் கணவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கையெழுத்து யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லதாகப் போயிருக்கும்.

அன்றுதான் அவர் தீர்மானித்தார். மனுப் போட்டால் அது துரையின் மேசையோடு நின்றுபோகும். ஆனால் இருநூறு பேர் முன்னிலையில், மற்றக் கந்தோர்த் துரைமாரும் உட்கார்ந்திருக்கும்போது, பத்திரத்தின் நடுவே அதைச் சொன்னால்? துரையால் மறுக்க முடியாது. வெட்கத்துக்காவது ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். நகலில் அந்த வரி இருக்காது. பொன் மையால் அலங்கரித்த பத்திரத்திலும் இருக்காது. அவர் கையில் வைத்து வாசிக்கும் தாளில் மட்டும் இருக்கும்.

"உந்த வேலை உங்களுக்கு ஏன்?" என்றார் இராசமலர். "உத்தியோகம் போனால் என்ன செய்யிறது? பத்து மாசத்துக்கு முந்தி அவர் எழுதச் சொல்லேக்கை பேசாமல் எழுதிப்போட்டு, இப்ப சபையிலை ஏறி நின்று சொல்லப் போறியளோ?"

"பத்து மாசம் இல்லை, பதினெட்டு" என்றார் அவர்.

அந்த வாக்கியத்தை முதலில் அவர் எழுதியது இப்படி: முகைதீன் குடித்திருக்கவில்லை, தாங்கள் போகச் சொன்னதால் போனார். எழுதிவிட்டுப் பார்த்தார். அவருக்கே கை கூசியது. பட்டுத் துணியில் சாக்குத் துண்டைத் தைத்த மாதிரி இருந்தது. பெரியவர்களிடம் இப்படிப் பேசக்கூடாது என்று மிஷன் பள்ளிக்கூடத்தில் பிரம்பால் அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இழைக்கத் தொடங்கினார். மூன்று வாரம் இழைத்தார். கடைசியில் அது இப்படி ஆயிற்று: பத்தொன்பது ஆண்டுகள் தங்கள் நிழலில் உழைத்து, மதுவின் வாடையும் அறியாத தூய வாழ்வு வாழ்ந்து, தங்கள் ஆணையைச் சிரமேற்கொண்ட அக்கணத்திலேயே புக்கிட் மேராவின் மண்ணில் உயிர்நீத்த எங்கள் தோழர் முகைதீனின் நற்பெயர், தாங்கள் இக்கரையை நீங்குமுன் தங்கள் திருவாயாலேயே துலங்கும் என்ற நம்பிக்கையோடு நிற்கிறோம்.

ஆங்கிலத்தில் இன்னும் அழகாக இருந்தது. பெயர் வரும் இடத்தில் குரலை இறக்கி, வாக்கிய முடிவில் இரண்டு கோடு போட்டார். கைதட்டலுக்கல்ல, மௌனத்துக்கு. அந்த மௌனத்தில் துரை தலையைக் குனிய வேண்டும். குசினியில் அதை வாசித்தபோது இராசமலரின் கை அம்மிக் குழவியில் நின்றது. கண்ணும் கலங்கியது. பிறகென்ன, அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ருக்கையாவுக்குச் சொல்லியனுப்பி வரச் சொன்னார்.

"எனக்கு இங்கிலீசு தெரியாதே ஐயா. எப்படி வெளங்கும்?"

"அவருடைய பெயரைச் சொல்லுவன். அது உங்களுக்கு விளங்கும்தானே? பெயர் கேட்டால், அதுதான் அந்த இடம். வடிவாய்க் கேட்டுக்கொள்ளுங்கோ."

விழா நாளன்று தென்னங்குருத்துத் தோரணமும் வண்ணக் காகிதமுமாகப் பந்தல் ஜொலித்தது. முன் வரிசையில் துரைமார், துரைசானிமார். பின்னால் கிராணிமார், அதற்கும் பின்னால் வேலையாட்கள். கம்பி வேலிக்கு அப்பால், ஆங்சனா மரத்தடியில், வெள்ளைத் துப்பட்டியுடன் ருக்கையா தனியாக நின்றார். மேடையிலிருந்து விஸ்வலிங்கம் அவரைப் பார்த்தார். குரல் நடுங்கவில்லை. அது அவர் சொல்லுக்குப் பணிகிற குரல் அல்ல, மேடைக்குப் பழகிய குரல்.

முதல் பத்தி, சாலைகள். கைதட்டல். இரண்டாம் பத்தி, துரையின் நீதி தவறாமை. கைதட்டல். மூன்றாம் பத்தி, துரைசானியின் இரக்க குணம். துரைசானி தொப்பியைச் சரிசெய்தார். கைதட்டல். பிறகு அந்த வாக்கியம் வந்தது. வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அவர் எதையும் வாசித்ததில்லை. ஒரு சொல் தடுக்கவில்லை. முகைதீன் என்ற பெயரை அவர் சொன்னபோது குரல் இறங்கி, வேலிவரை போய்ச் சேர்ந்தது. முடித்தார். நிறுத்தினார். துரையை நேராகப் பார்த்தார்.

சபை கைதட்டியது.

அவர் நிறுத்தினால் தட்ட வேண்டும் என்று அவரே பழக்கிய சபை. துரைமார் தட்டினார்கள், கிராணிமார் தட்டினார்கள், முகைதீனோடு சேர்ந்து சங்கிலி பிடித்தவர்களும் என்ன ஏதென்று தெரியாமல் தட்டினார்கள். விட்டேக்கர் துரை புன்னகையோடு தலையைச் சாய்த்து அதை ஏற்றுக்கொண்டார். நிழல், ஆணை, திருவாய் என்று காதில் விழுந்தால் அது புகழ்ச்சியல்லாமல் வேறென்ன? சாக்குத் துண்டாக விட்டிருந்தால் உறுத்தியிருக்கும். பட்டாக்கிக் கொடுத்தார், சால்வையோடு சால்வையாகப் போர்த்திக்கொண்டார் துரை.

அதை அவர் இன்னொரு தடவை சொல்ல இடமிருந்தது. அந்தக் கைதட்டல் ஓயும்வரை அவருக்கு நேரம் இருந்தது. நாலே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அவர் அடுத்த பத்தியை வாசித்தார். அப்போது தம் நெஞ்சுக்குள் வந்தது என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நிம்மதி. யாரும் கவனிக்கவில்லை என்ற நிம்மதி.

துரை பதிலுரை வாசித்தார். விஸ்வலிங்கம் அடித்துக்கொடுத்த அதே தாள். அதில் முகைதீன் எப்படி வருவார்? பிறகு மேடையை விட்டு இறங்கும்போது துரை அவர் கையைக் குலுக்கினார்.

"பிரமாதம், விஸ்வலிங்கம். நடுவில் யாரோ ஒரு ஆளைச் சொன்னாயே, யார் அது? நல்ல ஆளா?"

"நல்ல ஆள், ஐயா."

"நல்லது, நல்லது" என்று சொல்லிக்கொண்டே துரை வண்டியேறினார்.

வேலியோரம் ருக்கையா அழுதுகொண்டிருந்தார். சந்தோஷ அழுகை. விஸ்வலிங்கம் வந்ததும் இரண்டு கையையும் ஏந்தினார். "அல்லா ஒங்களுக்கு நீண்ட ஆயுசக் கொடுக்கணும் ஐயா. அவுக பேரச் சொன்னீங்க. அத்தன பேரும் கைதட்டுனாக. தொரை தலையக் குனிஞ்சு ஒத்துக்கிட்டாகளே, நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். இப்பவே போய் முத்தலிப் காக்காகிட்டச் சொல்லுறேன்."

நில்லுங்கோ என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு ருக்கையா ஓட்டமும் நடையுமாகச் சிராங்கூன் சாலைப் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையில் உபசாரப் பத்திரம் ஒரு வரி விடாமல் வந்தது. அந்த ஒரு வரியைத் தவிர. நகலில் இருந்ததைத்தானே அச்சுக்கோத்திருப்பார்கள்? அதற்கு மூன்றாம் நாள் புதுத் துரை அவரைக் கூப்பிட்டு, விட்டேக்கர் போகும்முன் உன்னைப் பற்றி உயர்வாக எழுதிவைத்திருக்கிறார், அடுத்த தரத்துக்கு உயர்த்தச் சொல்லியிருக்கிறார் என்றார். விஸ்வலிங்கம் நன்றி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்துல் முத்தலிப் ஆளனுப்பி அவரைக் கடைக்கு அழைத்தார். போகாமல் இருக்க வழியில்லை. துணிக்கட்டுகளுக்கு நடுவே பாய் விரித்துப் பள்ளிவாசல் பெரியவர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் அந்தப் பத்திரிகை. கடை வாசலுக்கு வெளியே ருக்கையாவும், அவர் முதுகுக்குப் பின்னால் அஸ்மத்தும் நின்றார்கள்.

"ஐயா, ஒக்காருங்க" என்றார் முத்தலிப். மரியாதையாகத்தான் பேசினார். "தப்பா நெனைக்காதீங்க. நீங்க சபையில படிச்சீங்க, தொரை ஒத்துக்கிட்டாருன்னு இந்தம்மா சொல்லுது. பேப்பர்ல அப்படி ஒண்ணும் இல்லங்கிறாங்க இவங்க. எனக்குப் பேப்பர் வேணாம். ஒங்க வாய் வார்த்த போதும். முகைதீன் குடிச்சவரில்லன்னு நீங்க அங்க படிச்சீங்களா? படிச்சேன்னு சொல்லுங்க, இன்னிக்கே நிக்காஹுக்கு நாள் குறிச்சிடுறேன்."

எவ்வளவு நல்ல மனிதர் பாருங்கள். கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, உள்ளே வந்தால் போதும் என்கிறார்.

படித்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். குடிக்காதவரைக் குடித்தார் என்று எழுதியது யார்? அதுவும் தமிழில் வரும். இங்கே கைதட்ட ஆளில்லை. நாலு பேரும் ஒவ்வொரு சொல்லையும் கேட்பார்கள், புரிந்துகொள்வார்கள், சாயங்காலத்துக்குள் கந்தோர்வரை கொண்டுபோவார்கள். பிறகு தரமும் உயராது, கந்தோரில் இருக்கவும் விடமாட்டார்கள். விஸ்வலிங்கம் பாயைப் பார்த்தார். பத்திரிகையைப் பார்த்தார். வாசல் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

"பேப்பரிலை போட்டிருக்குத்தானே" என்றார். "அதுதான் வாசிச்சது."

பெரியவர் பத்திரிகையை மடித்தார். முத்தலிப் பெருமூச்சு விட்டு, "சரி" என்றார். அந்தச் 'சரி'யோடு ஒரு பெண்ணின் வாழ்க்கைப் பேச்சு முடிந்தது.

வெளியிலிருந்து ருக்கையாவின் குரல் வந்தது, கோபம் ஒரு துளியும் இல்லாமல்.

"காக்கா, ஐயா மேல ஒரு தப்பும் இல்ல. எனக்குத்தான் இங்கிலீசு தெரியாது, நானா ஏதோ நெனச்சுக்கிட்டேன். ஐயா, மன்னிச்சுக்குங்க. ஒங்களப் பெரிய மனுசங்க முன்னால கூட்டியாந்து நிப்பாட்டிட்டேன்."

விஸ்வலிங்கம் தலையைச் சாய்த்து அதை ஏற்றுக்கொண்டார்.